அந்த அம்மா வாயே அசைக்கல

2018 நவம்பர் 21, புதன்கிழமை காலை, ஆற்றுப் பாலத்தை ஒட்டியிருக்கும் ஆரம்பப் பள்ளியின் முதல் மாடியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு வாசிப்புச் சோதனை நடந்தது. ஒருவன் தேறினான். ஏழு பேர் தேறவில்லை.

தேறியவன் சோடாபுட்டி. பெயரைக் கேட்டாலே தெரியும், தடித்த கண்ணாடி போட்டவன். அந்தக் கண்ணாடியும் போதாமல் புத்தகத்தை மூக்கோடு ஒட்டவைத்துக்கொண்டுதான் படிப்பான். எட்டுப் பேரில் அவன்தான் கடைசி என்று வாசிப்பு டீச்சர் நினைத்திருந்தார். முந்தின வாரம் தலைமையாசிரியரிடம் அப்படியே சொல்லியும் இருந்தார்.

"மத்த ஏழு பேரைப் பத்திக் கவலையே இல்ல சார். இவன் ஒருத்தன் விஷயம்தான் இடிக்குது."

இப்போது சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அதையே திருப்பிப் போட்டார். "ஏழு பேரைப் பத்திக் கவலையே இல்லன்னீங்க. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க டீச்சர். கவலைப்பட ஒண்ணும் மிச்சமில்ல."

அவர் கெட்டவர் இல்லை. ஊசியைக் குத்திவிட்டு உடனே பஞ்சை எடுத்து ஒற்றுகிற ரகம். டீச்சர் முகம் வாடியதும் டீ வரவழைத்தார். "மார்ச்சுல இன்னொரு சோதனை இருக்கு. அதுல தேறினா நாலாம் வகுப்பு. இல்லன்னா மூணாம் வகுப்புலயே இன்னொரு வருஷம். நான் போட்ட சட்டம் இல்லம்மா இது."

டீச்சருக்கு டீ இறங்கவில்லை. ஏனென்றால் அந்த ஏழு பேரும் நன்றாக வாசித்தவர்கள். அவருடைய அறையில், அவர் கண் முன்னால், தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தவர்கள்.

அந்த அறை மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்தது. முன்பு கிழிந்த வரைபடங்களும் கால் உடைந்த நாற்காலிகளும் போட்டுவைத்த இடம். இப்போது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு புத்தக அலமாரி. ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. வகுப்பில் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற பிள்ளைகளை அங்கே ஒவ்வொருவராக அனுப்புவார்கள். பிள்ளை உரக்க வாசிக்கும். டீச்சர் எதிரே உட்கார்ந்து கேட்பார். ஒரு நாளும் அதட்டியதில்லை, ஒரு பிள்ளையையும் திண்டாட விட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சோதனைக்கு வந்த அதிகாரி வேறு மாதிரி. வெளியிலிருந்து வந்தவர், நடுத்தர வயதுப் பெண்மணி. பிள்ளைகள் இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து, நிறுத்துகடிகாரத்தை அழுத்திவிட்டுத் தாளைப் பார்த்துக் குனிந்துகொள்வார். பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் சற்றுப் பொறுப்பார், பிறகு அந்தச் சொல்லை அவரே சொல்லிவிட்டுத் தாளில் ஒரு கோடு போடுவார். கோடு என்றால் பிழை. பிள்ளைகள் அவருக்குக் கடிகாரக்காரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏழு பிள்ளைகளின் தாளிலும் மழை பெய்த மாதிரி கோடுகள்.

மறுநாள் முதலில் வந்தவள் டமாரம். ரகசியம் சொன்னாலும் அடுத்த வகுப்புக்குக் கேட்கும் குரல், அதனால் அந்தப் பெயர். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் வேறு விஷயத்தில்.

"நான் ஃபெயிலானா என் தங்கச்சி மூணாம் வகுப்புக்கு வந்துருவா டீச்சர். எனக்குப் பக்கத்துல உக்காருவா." குரல் அன்றைக்குக் கம்மியிருந்தது. "இப்பவே அவ பஸ்ல போர்டெல்லாம் படிக்கிறா. அம்மா அவளைத்தான் 'எந்த பஸ்ஸுடி வருது'ன்னு கேக்குறாங்க. என்னைக் கேக்குறதே இல்ல."

"சரி கண்ணு, அதுக்கு இன்னும் நாள் இருக்கு. நேத்து என்ன ஆச்சு? பயந்துட்டியா?"

"இல்லையே."

"பின்ன? இங்க நல்லாத்தானே வாசிப்ப?"

டமாரம் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, இதுகூடவா தெரியவில்லை என்பது போலச் சொன்னாள்.

"அந்த அம்மா வாயே அசைக்கல டீச்சர்."

டீச்சருக்குப் புரியவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். டமாரம் வாசித்தாள், மளமளவென்று. வழக்கமாக டீச்சரின் கண் பிள்ளையின் விரல் ஓடுகிற வரிமேல் இருக்கும். அன்றைக்கு நிமிர்ந்து, பிள்ளைக்குப் பின்னால் இருந்த அலமாரியின் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அதில் அவருடைய முகம் தெரிந்தது. வரியில் ஒரு நீளமான சொல் வந்தது. டமாரத்தின் கண் சடக்கென்று மேலே ஏறியது. கண்ணாடியில் இருந்த முகம் புருவத்தைத் தூக்கி, உதட்டைக் குவித்து, அந்தச் சொல்லின் முதல் எழுத்தைச் சத்தமில்லாமல் காட்டியது. டமாரத்தின் கண் கீழே இறங்கியது. சொல்லைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அடுத்த நீளச் சொல்லுக்கு உதடு மூடிப் பிரிந்தது. அதற்கடுத்ததற்குப் பல் தெரிந்தது.

ஆறு மாதமாகப் பிள்ளைகள் பாதி புத்தகத்தையும் பாதி டீச்சரையும் வாசித்திருக்கிறார்கள். மூக்கைப் புத்தகத்தில் புதைத்துக்கொண்ட சோடாபுட்டிக்கு மட்டும் இந்த உபகாரம் எட்டவே இல்லை. அதனால் அவன் தத்தித் தத்தித் தானே படித்தான், தேறினான்.

அன்று மாலை டீச்சர் இதை வீட்டில் சொன்னார். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஏங்க, சிரிக்காதீங்க."

"உன்னைப் பாத்துச் சிரிக்கலம்மா. எனக்கு அந்தப் பல் டாக்டர் ஞாபகம் வந்துருச்சு. எங்கிட்ட கத்துக்கிட்டப்போ எல்லா சிக்னல்லயும் கச்சிதமா நிப்பாரு. நானும் ஆகா ஓகோன்னு புகழ்ந்தேன். டெஸ்டுக்குப் போய் அதிகாரியோட ஆபீஸ் சுவர்ல முட்டி நிறுத்துனாரு."

"ஏன்?"

"என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கில்ல? அவரு அழுத்துறதுக்குள்ள என் கால் அழுத்திடும். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் முதல்ல காலி மைதானம்தான். செருப்பைக் கழட்டிட்டு சீட்டுல சம்மணம் போட்டு உக்காந்துடுவேன். முட்டிவலி இன்னிக்கும் இருக்கு."

"காலைன்னா மடிச்சு வைக்கலாம். வாயை எங்க மடிச்சு வைக்கிறது?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதுக்கு நானும் வழி தேடிட்டுத்தான் இருக்கேன்."

டீச்சர் குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தி அவர்மேல் தெளித்தார்.

வழி எளிதில் கிடைக்கவில்லை. முதலில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தார். பிள்ளைகள் புருவத்தைப் படித்தார்கள். தப்பாக ஒரு சொல் வந்தால் டீச்சரின் வலது புருவம் துள்ளும் என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. முகத்துக்கு முன்னால் கோப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், உங்களுக்குக் கண்வலியா?" என்று ஒருவன் கேட்டான். பிள்ளைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் கழுத்தை ஆந்தை மாதிரி திருப்பினார்கள்.

கடைசியில் கைகொடுத்தது பசைக் கிண்ணம். நூலகத்தில் முதுகு பிய்ந்த புத்தகங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. டீச்சர் அந்தப் பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்தார். பிள்ளை வாசிக்கும்போது அவர் தலையைக் குனிந்து, பிய்ந்த முதுகுக்குப் பசை தடவித் துணிநாடா ஒட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை நிமிர்ந்தால் நடுவகிடு மட்டும்தான் தெரியும். பசை வேலைக்குக் கண் விலகக் கூடாது. விலகினால் நாடா கோணிக்கொள்ளும்.

பிள்ளைகளிடம் ஒளிக்கவில்லை, முதல் நாளே சொல்லிவிட்டார். "இனிமே நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். நீங்க நின்னா நானும் நிப்பேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. திட்ட மாட்டேன்."

பிள்ளைகளுக்கு இது பச்சைத் துரோகமாகப் பட்டது. தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தவர்கள் ஒரே வாரத்தில் கல்லிலும் முள்ளிலும் நடக்கிற மாதிரி வாசித்தார்கள். ஒரு பையன் வயிற்றுவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். தலைமையாசிரியர் ஒரு நாள் கதவருகே நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவது ஊசியைவிட மோசம்.

டிசம்பரில் டமாரத்தின் அம்மா வந்தார். ரொட்டிக் கடையில் வேலை. சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"முன்னெல்லாம் கடகடன்னு வாசிச்சா டீச்சர். இப்ப வீட்டுல ரெண்டு வரி வாசிக்கிறதுக்குள்ள அழுகை வந்துருது. என்ன பண்றீங்க நீங்க?"

"முன்னாடி வாசிச்சது அவ இல்லம்மா. நான்."

"இப்ப?"

"இப்ப அவதான் வாசிக்கிறா. அதனாலதான் மெதுவா இருக்கு."

அந்த அம்மா அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அவ அழறது உங்களுக்குக் கேக்கல, எனக்குக் கேக்குது." வாசல்வரை போனவர் திரும்பினார். "சின்னவ முன்னாடி மட்டும் அவளைத் தலைகுனிய வச்சுடாதீங்க டீச்சர். ரெண்டு பேரும் ஒரே பாய்ல படுக்கிறவங்க."

அன்றைக்கு டீச்சர் ஒட்டிய நாடாக்கள் எல்லாம் கோணலாகவே வந்தன. பழையபடி உதவிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. உதவினால் நாளைக்கே அழுகை நின்றுவிடும். மார்ச்சு மாதம் கடிகாரக்காரம்மா வந்து குனிந்துகொள்வார், தாளில் மறுபடியும் கோடுகளாய் மழை பெய்யும். டீச்சர் நாடாவைப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினார்.

ஜனவரியில் ஒரு பிற்பகல். கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்கள். டமாரம் அணில் கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். 'அணில் மண்ணுக்குள்' என்பதுவரை வந்தது. அதற்கப்புறம் நின்றது.

"டீச்சர்."

"ம்."

"தெரியல."

டீச்சர் நிமிரவில்லை. தூரிகையில் இருந்த பசை காய்ந்துகொண்டு வந்தது. உதவி செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான் இவ்வளவு வருட வேலையில் மிகக் கஷ்டமான வேலை என்று அவருக்குப் பட்டது. வாய்க்குள் அந்தச் சொல் மிட்டாய் மாதிரி உருண்டது. விழுங்கினார்.

டமாரம் காலை நாற்காலிக் கம்பியில் இடித்தாள், பெருமூச்சு விட்டாள். கோபத்தில் வரியின் தொடக்கத்துக்கே போய், வாய்க்காலைத் தாண்டப் பின்னால் போய் ஓடிவருகிற மாதிரி ஒரே ஓட்டமாக வந்தாள். "அணில் மண்ணுக்குள் ஒளி… ஒளித்து…" விழுந்தாள். மறுபடி ஓடிவந்தாள். "ஒளித்து வைத் திருந்த. ஒளித்துவைத்திருந்த!" தாண்டிவிட்டாள். தாண்டிய வேகத்தில், டீச்சருடைய உதட்டைப் பார்த்துப் பழகிய பழைய புத்தியில், அடுத்த சொல்லுக்கு முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு அடித்துவிட்டாள். "அணில் மண்ணுக்குள் ஒளித்துவைத்திருந்த விளக்குகளை மறந்துவிட்டது. மழை பெய்ததும் அவை முளைத்துவிட்டன."

நின்றாள்.

டீச்சரின் வலது புருவம் பசைக் கிண்ணத்துக்கு மேலே துள்ளியது. அதைப் பார்க்க யாரும் இல்லை.

"விளக்கு எப்படி முளைக்கும்?" டமாரம் கேட்டது டீச்சரை இல்லை. புத்தகத்தை. "லூசா இது?" விரல் மேல் வரிக்குப் போனது. உதடு முணுமுணுத்தது. "வி… விதை… விதைகளை! விதையைத்தான் மறந்துருச்சு. அதான் முளைச்சிருக்கு." சொல்லிவிட்டு, நிமிராமல், அடுத்த வரிக்குப் போனாள்.

டீச்சர் நாடாவை அழுத்தித் தேய்த்தார். பாராட்டவில்லை. பாராட்டினால் பாராட்டுக்காக நிமிர்ந்து பார்க்கத் தொடங்குவாள் என்று தோன்றியது. மணி அடித்து அவள் கிளம்பும்போது மட்டும், முதுகு ஒட்டிக் காய்ந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

"யாருகிட்ட வாசிச்சுக் காட்டணும்?"

"யாருகிட்டயும் வேணாம். நீ படி."

"சும்மாவா?"

"சும்மாதான்."

டமாரம் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பசை நாத்தம் அடிக்குது டீச்சர்" என்று மாடி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பிப்ரவரியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வயிற்றுவலிப் பையனுக்கு வலி விட்டுவிட்டு வந்தது. ஒரு பெண் இன்னமும் எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். ஆனால் பெட்டியில் இருந்த புத்தகங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போய் வந்தன. சில, புதிதாக ஒட்டிய முதுகும் பிய்ந்து வந்தன. டீச்சர் திட்டவில்லை, மறுபடியும் பசை தடவினார்.

மார்ச்சு 13, புதன்கிழமை, கடிகாரக்காரம்மா மறுபடியும் வந்தார். தேறியவனுக்கும் சோதனை உண்டு என்பதால் எட்டுப் பேரும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். சோதனை நடக்கும்போது டீச்சர் உள்ளே இருக்கக் கூடாது. அவர் வராந்தாக் கோடியில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டார். மற்றப் பிள்ளைகள் வாசித்தது அங்கே கேட்கவில்லை. டமாரம் வாசித்தது மட்டும் கேட்டது. அது பாலத்துக்கும் கேட்டிருக்கும்.

ஒரு படகைப் பற்றிய பக்கம். வேகம் ஒன்றும் பிரமாதமில்லை. நவம்பரில் டீச்சர் முகத்தைப் பார்த்து வாசித்த வேகத்துக்கு இது பாதிகூட வராது. ஆனால் சீராக வந்தது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது, கேள்வி வந்த இடத்தில் குரல் ஏறியது. 'படகில் போட்டிருந்த சாக்கு மூட்டை' என்றாள். அப்புறம் சத்தம் இல்லை.

டீச்சர் குழாயைப் பிடித்துக்கொண்டார். உதடு தானாகக் குவிந்தது. வராந்தாவில் நின்ற சோடாபுட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தூரத்தில் அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இருந்தாலும் டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே அதிகாரி அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்கியது லேசாகக் கேட்டது. "ந…"

"சொல்லாதீங்க!" டமாரத்தின் குரல் வராந்தா முழுக்க அடித்தது. "சொல்லாதீங்க, வருது."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "சாக்கு மூட்டை நனைந்துபோய்… நனைந்துபோய்விட்டிருந்தது" என்று வந்தது. அதன் பிறகு படகு கரைக்கு வந்து சேரும்வரை நிற்கவில்லை.

முடிவு அடுத்த வாரம் வந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் தேறினார்கள். வயிற்றுவலிப் பையனும் எழுத்துக்கூட்டிப் படித்த பெண்ணும் தேறவில்லை. டமாரத்தின் தாளில், நேரம் கடந்துவிட்டதால், 'நனைந்துபோய்விட்டிருந்தது' என்ற சொல்லின் மேல் ஒரு பிழைக்கோடு இருந்தது. அதன் ஓரத்தில் அதிகாரி 'உதவி வேண்டாம் என்றாள்' என்று எழுதியிருந்தார். தேறுவதற்கு வேண்டிய அளவைவிட நான்கு சொற்கள் கூடுதலாக வாசித்திருந்தாள்.

புதிய கல்வியாண்டில் டமாரம் நான்காம் வகுப்பில் உட்கார்ந்தாள். தங்கை மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். வாசிப்பு டீச்சர் தேறாத இரண்டு பேரோடும் புதிதாக வந்த ஐந்து பேரோடும் மாடி அறையில் வேலையைத் தொடங்கினார்.